மானிட்டரைப் பார்த்து கிராபிக்ஸ் கார்டு வாங்குவது எப்படி?

திருச்சியில் இருக்கும் என் சித்தி மகன் ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்கு போன் செய்தான். சேர்த்து வைத்த சம்பளத்தில் ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டிருக்கிறான். "அண்ணா, ஃபோர்ஸா ஹொரைசன் 5 ஓட்டிப் பார்த்தேன். மூலையில நம்பர் 150, 160ன்னு ஓடுது. ஆனா கண்ணுக்குப் பழைய கார்டு மாதிரியேதான் இருக்கு. டூப்ளிகேட் கார்டைத் தள்ளிவிட்டுட்டானா?"

கார்டில் ஒரு குறையும் இல்லை. மேசையில் இருந்தது சித்தப்பா ஆபீஸ் வேலைக்காக எப்போதோ வாங்கிய 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். கார்டு நொடிக்கு 150 படம் வரைந்து அனுப்பினாலும் அது நொடிக்கு 60 தடவைதான் திரையைப் புதுப்பிக்கும். மவுஸை அசைத்ததும் திரை பதில் சொல்வது மயிரிழை சீக்கிரமாகியிருக்கலாம். மற்றபடி அவன் கொடுத்த காசில் பாதி கம்பிக்குள்ளேயே நின்றுவிட்டது.

புதிதாக கேமிங் பிசி போடுகிறவர்கள் எல்லோரும் "எந்த கார்டு நல்ல கார்டு?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். உங்கள் மானிட்டர் என்ன என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. கால் அளவு சொல்லாமல் செருப்பு கேட்கிற மாதிரி அது. எனவே கார்டைக் கடைசிக்குத் தள்ளிவைத்துவிட்டு மானிட்டரில் தொடங்குவோம்.

1. மானிட்டரின் முதுகைப் படியுங்கள்

மானிட்டரைத் திருப்பினால் பின்னால் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ள மாடல் எண்ணை அப்படியே தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுத் தேடுங்கள். நான்கு விஷயங்களைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: ரெசல்யூஷன் (திரையில் எத்தனை புள்ளிகள்), அதிகபட்ச ரெஃப்ரெஷ் ரேட் (எத்தனை ஹெர்ட்ஸ்), கார்டின் வேகத்துக்குத் திரையை ஒத்துப்போக வைக்கும் ஃப்ரீசிங்க் அல்லது ஜி-சிங்க் வேலை செய்யும் ஹெர்ட்ஸ் எல்லை, பின்னால் உள்ள போர்ட்டுகள் எந்தப் பதிப்பு என்பது. பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் "1 மில்லி செகண்ட்"டை எழுத வேண்டாம். கார்டு தேர்வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அங்குலத்தையும் எழுத வேண்டாம். 24 இஞ்ச் 1080பி (1920 × 1080) மானிட்டரும் 27 இஞ்ச் 1080பி மானிட்டரும் கார்டுக்கு ஒன்றேதான். வரைய வேண்டிய புள்ளிகள், அதாவது பிக்சல்கள், சமம். கண்ணுக்குத்தான் வித்தியாசம். 24 இஞ்சில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல், 27 இஞ்சில் 82. அதனால்தான் 27 இஞ்ச் 1080பி திரையில் எழுத்தின் ஓரங்கள் பிசிறடித்துத் தெரிகின்றன.

2. புள்ளிகளை எண்ணுங்கள்

1920 × 1080 என்றால் சுமார் 20.7 லட்சம் பிக்சல். 1440பி எனப்படும் 2560 × 1440 என்றால் 36.9 லட்சம். 3440 × 1440 அகலத்திரை 49.5 லட்சம். 4கே எனப்படும் 3840 × 2160 திரையில் 82.9 லட்சம், அதாவது 1080பியைப்போல் சரியாக நான்கு மடங்கு. ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது ஒவ்வொரு படத்துக்கும், கார்டு இத்தனை புள்ளிகளுக்கும் நிறம் கணக்கிட வேண்டும். புள்ளி நான்கு மடங்கானால் ஃபிரேம் கச்சிதமாகக் கால்வாசியாகிவிடும் என்று சொல்ல முடியாது; புள்ளி எண்ணிக்கையைச் சாராத வேலைகளும் கார்டுக்கு உண்டு. இருந்தாலும், 1080பியில் சொகுசாக ஓடிய கார்டு 4கேயில் ஏன் மூச்சு வாங்குகிறது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

3. ஹெர்ட்ஸை நேரமாக மாற்றிப் பாருங்கள்

60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லி செகண்ட். 144 ஹெர்ட்ஸில் 6.9. 240 ஹெர்ட்ஸில் 4.2. இப்படிப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும்: 60இலிருந்து 120க்குப் போகும்போது ஒரு ஃபிரேமுக்கு 8.3 மில்லி செகண்ட் மிச்சம். 120இலிருந்து 240க்குப் போனால் மிச்சம் அதில் பாதிதான். முதல் தாவலை யார் கண்ணும் பார்த்துவிடும். இரண்டாவது, போட்டி ஆட்டம் ஆடுகிறவர்களுக்கு மட்டும்.

இங்கேதான் நீங்கள் என்ன ஆடுகிறீர்கள் என்ற கேள்வி வருகிறது. வாலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி ஆட்டங்களில் 144ஐயும் தாண்டி ஓட்டுவதில் பொருள் இருக்கிறது. சைபர்பங்க் 2077 போல ஊர் சுற்றிக் கதை பார்க்கும் ஆட்டத்தில் 70, 80 ஃபிரேம் வந்தாலே நிறைவாக இருக்கும். எல்டன் ரிங்கை பிசியில் 60க்கு மேல் ஓடாதபடியே செய்திருக்கிறார்கள். அதற்காக 144 ஹெர்ட்ஸுக்குக் கார்டு தேடுவது வீண். மானிட்டர் 165 என்று சொன்னால் எல்லா ஆட்டத்திலும் 165ஐ நிரப்பியே தீர வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

4. தடை உண்மையில் கார்டுதானா?

பரோட்டா கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மாவைப் பிசைந்து வீசிச் சுருட்டி வைக்கிறார். இன்னொருவர் கல்லில் போட்டு எடுக்கிறார். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பாய்கிறது, என்னென்ன வரைய வேண்டும் என்று சுருட்டித் தருவது பிராசசர். வேகவைத்து எடுப்பது கிராபிக்ஸ் கார்டு. வீசுகிறவர் மெதுவாக இருந்தால் எவ்வளவு பெரிய கல்லை வாங்கிப் போட்டாலும் பரோட்டா அதிகமாக வராது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். நீங்கள் ஆடும் ஆட்டத்தைத் திறந்து, திரையின் ஓரத்தில் எஃப்பிஎஸ்ஸும் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) கார்டின் பயன்பாட்டுச் சதவீதமும் தெரியும்படி வையுங்கள். ஆர்டிஎக்ஸ் கார்டுகளைத் தயாரிக்கும் என்விடியா, ஆர்எக்ஸ் கார்டுகளைத் தயாரிக்கும் ஏஎம்டி இரண்டின் மென்பொருளிலும் அதற்கு வசதி உண்டு. கார்டு 97, 99 சதவீதத்தில் நின்றால் அது முழு வேகத்தில் உழைக்கிறது, தடை அதுதான். 60 சதவீதத்தில் அசைந்துகொண்டிருந்தால் வேறு ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கிறது. அடுத்து ஆட்டத்தின் ரெசல்யூஷனை 720பிக்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் மடமடவென்று ஏறினால் புது கார்டு பலன் தரும். அதே இடத்தில் நின்றால் பிராசசரைப் பாருங்கள், அல்லது ஒற்றை ரேம் குச்சியோடு ஓட்டிக்கொண்டிருந்தால் இன்னொன்றைச் சேருங்கள்.

1080பியில் 240 ஹெர்ட்ஸ் வேண்டும் என்பவர்கள்தான் இதில் அடிக்கடி மாட்டுகிறார்கள். அங்கே புள்ளிகள் குறைவு, ஃபிரேம்கள் அதிகம். சுமை முழுக்க பிராசசர் தலையில். 4கே, 60 ஹெர்ட்ஸ்காரர்களுக்கு நேர்மாறு. சுமாரான பிராசசர் இருந்தாலும் ஓடிவிடும், கார்டுதான் திணறும்.

5. இனி கார்டு

1080பி, 60 அல்லது 75 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் அடக்கமாக இருங்கள். 2021இல் வந்த ஆர்எக்ஸ் 6600 கிடைத்தால் இன்றைக்கும் அந்தத் திரைக்கு அது போதும். அதற்கு மேல் செலவழிக்கக் காசு இருந்தால் கார்டை விட்டுவிட்டு மானிட்டரை மாற்றுங்கள்.

1080பியில் 144 முதல் 180 வரை என்றால் ஆர்டிஎக்ஸ் 4060, 5060, ஆர்எக்ஸ் 7600, இன்டெல்லின் ஆர்க் பி580 ஆகியவை இந்த வட்டாரம். பி580இல் 12 ஜிபி நினைவகம் இருப்பது நல்ல விஷயம். ஆனால் பழைய பிராசசரோடு அது சரியாக ஒத்துழைக்காது. மதர்போர்டு பயாஸில், பிராசசர் கார்டின் நினைவகம் முழுவதையும் ஒரே மூச்சில் அணுக விடும் ரீசைசபிள் பார் என்ற வசதியை இயக்க முடியாவிட்டால் அதை வாங்கவே வேண்டாம்.

1440பி, 144 முதல் 180 ஹெர்ட்ஸ். இன்று புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது இந்த 27 இஞ்ச் திரையைத்தான். ஓர் அங்குலத்துக்கு 109 பிக்சல், கண்ணுக்கு இதம். 4கே அளவுக்குக் கார்டின் கழுத்தையும் நெரிக்காது. நுழைவாயில் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி அல்லது ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி. கைக்கு வசதி இருந்தால் ஆர்டிஎக்ஸ் 5070 அல்லது ஆர்எக்ஸ் 9070. கனமான ஆட்டங்களிலும் செட்டிங்கைக் குறைக்க வேண்டிய அவசியம் அரிதாகத்தான் வரும். 3440 × 1440 அகலத்திரை வைத்திருப்பவர்களும் இந்த இரண்டாவது ஜோடியிலிருந்தே தொடங்க வேண்டும்.

4கேக்கு ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ, ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி ஆகியவைதான் முதல் படி. அதற்கு மேலே 5080, 5090 இருக்கின்றன. அந்த விலைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

6. "எத்தனை ஜிபி கார்டு வேணும்?"

சென்னையில் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் நுழைந்தால் முதல் கேள்வியே இதுதான். கிராபிக்ஸ் கார்டை ஜிபி கணக்கில் விற்பது நம் ஊரில் பழகிப்போன வழக்கம். 2014இல் வந்த ஜிடி 730க்குக்கூட 4 ஜிபி பதிப்பு உண்டு. ஜிபியை மட்டும் பார்த்து வாங்கிப் போனால் இன்றைய கனமான ஆட்டம் எதுவும் அதில் ஒழுங்காக ஓடாது. குடோன் பெரிதாக இருந்தால் வேலையாட்கள் அதிகம் என்று பொருளா என்ன?

எனவே முதலில் கார்டின் வலிமை, பிறகு ஜிபி. அப்படிப் பார்த்த பிறகும் ஜிபி முக்கியம்தான், ஏனென்றால் ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் விற்கிறார்கள். 5060 டிஐயில் 8 ஜிபியும் உண்டு, 16 ஜிபியும் உண்டு. 9060 எக்ஸ்டியிலும் அப்படியே. பெட்டி பார்க்க ஒரே மாதிரி; ஓரத்தில் ஒரு சின்ன எண் மட்டும் வேறு. ஆர்டிஎக்ஸ் 3060இல் இன்னும் மோசம். 12 ஜிபி பதிப்பின் நினைவகப் பாதை 192 பிட். பிறகு வந்த 8 ஜிபி பதிப்பில் அதை 128 பிட்டாகக் குறுக்கிவிட்டார்கள். பெயர் மாறவில்லை. பழைய கார்டு வாங்கும்போது ஆர்எக்ஸ் 580 என்ற பெயருக்குப் பின்னால் "2048எஸ்பி" என்று இருக்கிறதா பாருங்கள். உண்மையான 580இல் 2304 கோர்கள் உண்டு. 2048 என்பது ஆர்எக்ஸ் 570இன் எண்ணிக்கை.

நினைவகம் போதாமல் போனால் என்ன ஆகும்? சராசரி எஃப்பிஎஸ் எண்ணில் பல சமயம் தெரியவே தெரியாது. தெருவில் நடந்துபோகும்போது சுவரில் உள்ள எழுத்து களிமண் மாதிரி மங்கிக் கிடக்கும், பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் தெளியும். வளைவில் காரைத் திருப்பும்போது அரை நொடி திக்கி நின்று பிறகு ஓடும். கார்டுக்குள் இடமில்லாத சரக்கு கணினியின் சாதாரண ரேமில் காத்திருந்து, மதர்போர்டு வழியாக வந்து போவதுதான் காரணம். ஆர்டிஎக்ஸ் 4060, 5060, 5060 டிஐ, ஆர்எக்ஸ் 7600 எல்லாம் அந்தச் சாலையில் எட்டு வழித்தடங்களை மட்டுமே பயன்படுத்துபவை. உங்கள் மதர்போர்டு பழைய பிசிஐஇ 3 தலைமுறையாக இருந்தால் சாலையின் வேகமும் குறைவு, 8 ஜிபி கார்டுக்கு அடி இரட்டிப்பு. 1440பி திரைக்கு இன்று 8 ஜிபி கார்டு புதிதாக வாங்காதீர்கள். விலை வித்தியாசத்தைப் பார்த்து மனசு ஊசலாடும், தெரியும். அதற்காக ஒரு மாசம் பொறுத்தாலும் தப்பில்லை.

7. டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர்: மானிட்டரைப் பொறுத்தே பலன்

குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து, அதைப் பெரிதாக்கித் திரைக்கு அனுப்பும் தந்திரம் இது. என்விடியாவுடையது டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியுடையது எஃப்எஸ்ஆர். டிஎல்எஸ்எஸ்ஸில் "குவாலிட்டி" என்று வைத்தால் 4கே திரைக்கு உள்ளே 2560 × 1440இல் வரைகிறது. கையில் 36 லட்சம் புள்ளி இருப்பதால் பெரிதாக்கிய படம் பிரமாதமாக இருக்கும். 1440பி திரையில் உள்ளே சுமார் 960பி. அதுவும் நன்றாகவே வரும். அதே வசதியை 1080பி திரையில் போட்டால் உள்ளே வரைவது வெறும் 720பி. முடி, வேலிக்கம்பி, தூரத்து இலை எல்லாம் பிசிறும். ஆகவே 4கேகாரர்கள் இதைக் கணக்கில் சேர்த்தே கார்டு வாங்கலாம். 1080பிகாரர்கள் இதை நம்பிக் கார்டைச் சின்னதாக்கக் கூடாது.

ஃபிரேம் ஜெனரேஷன் வேறு சமாச்சாரம். கார்டு வரைந்த இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே கற்பனையாக ஒன்றையோ சிலவற்றையோ செருகுவது. விளம்பரத்தில் வரும் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு எண்களெல்லாம் பெரும்பாலும் இதன் உபயம். அடிப்படையில் 60 ஃபிரேமாவது சொந்தமாக வந்தால் இது 144 ஹெர்ட்ஸ் திரையை அழகாக நிரப்பும். 30ஐ 60 ஆக்கினால் பார்க்க வழுவழுப்பாகவும் கைக்குச் சேற்றில் நடப்பது போலவும் இருக்கும். கார்டை ஒப்பிடும்போது இது அணைத்திருந்த நிலையில் எடுத்த எண்களையே பாருங்கள்.

8. ஹெர்ட்ஸ் எல்லையும் கேபிளும்

நீங்கள் காகிதத்தில் எழுதிய மூன்றாவது விஷயத்துக்கு வருவோம். ஃப்ரீசிங்க், ஜி-சிங்க் இரண்டுமே கார்டு ஃபிரேமை முடிக்கும் வரை மானிட்டரைக் காத்திருக்க வைக்கும் ஏற்பாடு. 2019 ஜனவரியிலிருந்து என்விடியா கார்டுகளும் ஃப்ரீசிங்க் மானிட்டர்களோடு வேலை செய்கின்றன. ஆக, ஃப்ரீசிங்க் மானிட்டரைப் பொறுத்தவரை "அந்த மானிட்டருக்கு இந்த கம்பெனி கார்டுதான்" என்ற பழைய பேச்சை மறந்துவிடலாம்.

பார்க்க வேண்டியது எல்லை எண்கள். 48 முதல் 144 என்றிருந்தால், ஃபிரேம் 40க்கு விழுந்தாலும் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை காட்டி 80 ஹெர்ட்ஸில் சமாளித்துவிடும். மேல் எல்லை கீழ் எல்லையைப்போல் இரண்டு மடங்காவது இருந்தால்தான் இது நடக்கும். 48 முதல் 75 வரை உள்ள மலிவு மானிட்டரில் அது முடியாது. 48க்குக் கீழே போன கணமே படம் கிழியும் அல்லது தத்தும். அந்த மாதிரி மானிட்டருக்கு எந்தக் காட்சியிலும் 50க்குக் கீழே இறங்காத கார்டாகப் பாருங்கள்.

போர்ட்டைப் பொறுத்தவரை சுருக்கம்: எச்டிஎம்ஐ 2.0 என்றால் 4கேயில் 60 ஹெர்ட்ஸ், 2.1 என்றால் 120. டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதில் சொருகுங்கள். டிஸ்ப்ளேபோர்ட்டில் 180 தந்துவிட்டு எச்டிஎம்ஐயில் 144உடன் நிறுத்திக்கொள்ளும் மானிட்டர்கள் ஏராளம். விஜிஏ மட்டும் உள்ள பழைய மானிட்டர் என்றால் புதிய கார்டு எதிலும் அதற்கு இடமில்லை.

9. எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ், வெயில்

நான் பட்ட பாடு இது. கேபினெட்டோடு இலவசமாக வந்த "500 வாட்ஸ்" எஸ்எம்பிஎஸ்ஸை (பிசிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) நம்பி ஒரு நடுத்தர கார்டைப் போட்டேன். டெஸ்க்டாப்பில் சாது. ஆட்டத்தில் பெரிய சண்டை ஆரம்பித்ததும் பட்டென்று மொத்தமும் அணைந்துவிடும். இரண்டு வாரம் கார்டின் டிரைவர் மென்பொருளை மாற்றி மாற்றிப் போட்டேன். ஸ்டிக்கரில் போட்டிருந்த வாட்ஸ் அதற்குள் இல்லவே இல்லை என்று கடைசியில்தான் புரிந்தது.

கார்டு இழுக்கும் மின்சாரம் ஆர்டிஎக்ஸ் 5060க்கு 145 வாட்ஸ், 5070க்கு 250, ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டிக்கு 304. என்விடியா பரிந்துரைக்கும் எஸ்எம்பிஎஸ் 5060க்கு 550, 5070க்கு 650, 5080க்கு 850 வாட்ஸ். பெயர் தெரிந்த கம்பெனியின், மின்திறனுக்கான 80 பிளஸ் சான்று பெற்றதாக வாங்குங்கள். வீட்டில் 600 விஏ யுபிஎஸ் இருந்தால் அது தாங்குவது பொதுவாக 360 வாட்ஸ்தான். 5070 போட்ட பிசி ஆட்டத்தின் நடுவில் மின்சாரம் போனால் யுபிஎஸ்ஸும் கையை விரித்துவிடும். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறை என்றால் மூன்று விசிறி கார்டும் காற்றோட்டமான கேபினெட்டும் பாருங்கள். வாங்கும் முன் கேபினெட்டுக்குள் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

10. போட்ட பிறகு

மானிட்டர் கேபிளை மதர்போர்டில் சொருகாதீர்கள், கார்டில் சொருகுங்கள். சிரிக்க வேண்டாம், வாரத்துக்கு ஒருவராவது இதில் விழுகிறார்கள். டிரைவரைப் போட்டு, ஃப்ரீசிங்க்கை மானிட்டரின் மெனுவிலும் கார்டின் மென்பொருளிலும் இரண்டு இடத்திலும் இயக்குங்கள். ஃபிரேம் உச்சவரம்பை மானிட்டரின் ஹெர்ட்ஸுக்கு மூன்று குறைவாக வையுங்கள்: 165க்கு 162. தேவையில்லாத ஃபிரேம் வரையாததால் கார்டு சூடாவதும் குறையும்.

சித்தி மகன் இரண்டு மாதம் கழித்து 27 இஞ்ச் 1440பி, 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினான். வாங்கிய அன்றே மறுபடி போன். "அண்ணா, படம் தெளிவா இருக்கு. ஆனா அதே மாதிரிதான் ஓடுது."

"செட்டிங்ஸ் திற. சிஸ்டம், டிஸ்ப்ளே, கீழே அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே. என்ன எழுதியிருக்கு?"

"60 ஹெர்ட்ஸ்."

"அதைத் தட்டு. 165 வருதா? இல்லையே? எந்த கேபிள் போட்ட?"

பழைய மானிட்டரின் எச்டிஎம்ஐ கேபிளையே எடுத்துச் சொருகியிருக்கிறான். டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் புது மானிட்டரின் பெட்டியிலேயே பிளாஸ்டிக் உறைக்குள் படுத்திருந்தது. அதை மாற்றி, 165ஐத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். "இப்போ மவுஸ் அம்புக்குறியைத் திரையில வட்டமா வேகமாச் சுத்து. முன்னாடி அஞ்சாறு அம்பு விட்டுவிட்டுத் தெரிஞ்சிருக்கும். இப்போ?"

மவுஸ் மேசையில் உரசும் சத்தம் மட்டும் போனில் கேட்டுக்கொண்டே இருந்தது.